மண்ணிலும் முடிச்சிலும்: பயறுவகைப் பயிர்களின் வேர்முடிச்சுப் பாக்டீரியாக்கள் சூழல் நெருக்கடிகளுக்கு ஈடுகொடுக்கும் முறை

பயறுவகைத் தாவரங்களின் வேர்முடிச்சுகளில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கத்தக்க அம்மோனியாவாக மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் ரைசோபியம் என்ற ஒரே பெயரால் வழங்கப்பட்டாலும், அவை ஸைனோரைசோபியம், மீசோரைசோபியம், பிராடிரைசோபியம், அசோரைசோபியம் எனப் பல பேரினங்களைச் சேர்ந்தவை. அவற்றை ஒன்றாக எண்ண வைப்பது அவற்றின் குலத்தைவிட அவை செய்யும் தொழிலே ஆகும். ஹெர்மன் ஹெல்ரீகல், ஹெர்மன் வில்ஃபார்த் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள், பயறுவகைப் பயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன என்பதையும், அதற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிரும் வேர்முடிச்சும் தேவை என்பதையும் 1886இல் பெர்லினில் நடந்த அறிவியலாளர் மாநாட்டில் எடுத்துரைத்தனர். இரண்டே ஆண்டுகளில் நெதர்லாந்தின் மார்ட்டினுஸ் பெய்ரிங்க் அந்நுண்ணுயிரை முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அன்று முதல் இதுகாறும் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி, இப்பாக்டீரியா தாவரத்தோடு கூடி வாழும் சில வாரங்களைப் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. ஆனால் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது மண்ணில். பயிர் அறுவடையான பின், முடிச்சு அழுகி உதிர்ந்த பின், அடுத்த வேர் வரும் வரை, கோடை வெயிலிலும் உவரிலும் பட்டினியிலும் அது தனித்து உயிர்தரிக்க வேண்டியுள்ளது.

ஆகவே இந்நுண்ணுயிருக்கு வாழ்க்கை இரண்டு என்பதை ஏற்றுக்கொண்டே அதன் தாங்குதிறனைப் பற்றிப் பேச வேண்டும். மண்வாழ்க்கைக்காக அது பெற்ற தகவமைப்புகளில் சிலவே முடிச்சுவாழ்க்கைக்கும் உதவுகின்றன; மண்ணில் எதற்கும் அசையாத ஓர் இனம் முடிச்சுக்குள் பயனற்றுப் போவதும் உண்டு. இவ்வேறுபாட்டை மறந்து, சோதனைக்குழாயில் அதிக உப்பைத் தாங்கிய பாக்டீரியாவே உவர்நிலத்துக்கு ஏற்ற உயிர் உரம் என்று முடிவுகட்டிய முயற்சிகள் பல நாடுகளில் வயலில் ஏமாற்றம் தந்துள்ளன.

முடிச்சுக்குள் உள்ள நிலைமையை முதலில் நோக்கினால், அதுவே ஒரு நெருக்கடிச் சூழல் என்பது புலப்படும். நைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பை உடைக்கும் நைட்ரஜனேஸ் என்னும் நொதி, இரும்பும் மாலிப்டினமும் கொண்டது; ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாக மாற்ற அது குறைந்தது 16 ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவழிக்கிறது. ஏ.டி.பி. என்பது உயிரணு தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் நாணயம். அதை இவ்வளவு பெருமளவில் ஆக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் அதே ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் மீளமுடியாதபடி சிதைந்துவிடும். இம்முரண்பாட்டுக்குத் தாவரமும் பாக்டீரியாவும் சேர்ந்து கண்ட தீர்வில், முடிச்சின் புறத்திசு ஆக்சிஜன் உள்ளே புகுவதைக் கட்டுப்படுத்துகிறது. லெக்ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் புரதம், நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவானது, ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. உழவர் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நசுக்கிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்ல முடிச்சு என்று கூறுவது இப்புரதத்தின் நிறத்தைக் கண்டுதான். காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் ஆக்சிஜனின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 250 மைக்ரோமோல்; முடிச்சின் நடுப்பகுதியிலோ அது சில பத்து நானோமோல் அளவே, அதாவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கே. இவ்வளவு குறைந்த ஆக்சிஜனையும் பற்றி இழுக்கவல்ல ஒரு தனிச் சுவாச நொதியைப் பாக்டீரியா முடிச்சுக்குள் உருவாக்கிக்கொள்கிறது. அதை எப்போது உருவாக்க வேண்டும் என்பதை அறிவிப்பது ஃபிக்ஸ்-எல் என்னும் உணர்விப் புரதம். அதன் ஹீம் பகுதியில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் வரை அது உறங்கிக் கிடக்கும், ஆக்சிஜன் விலகியதும் விழித்துத் தன் கூட்டாளியான ஃபிக்ஸ்-ஜே புரதத்துக்குப் பாஸ்பேட்டை ஏற்றி நைட்ரஜன் மரபணுக்களைத் திறக்கச் செய்யும்.

இனி மண்வாழ்க்கை. அங்கே முதன்மையான பகை நீர்ப்பற்றாக்குறை. உவராலும் வறட்சியாலும் அணுவைச் சூழ்ந்த நீர் அடர்கரைசலாகும்போது, அணுவுக்குள்ளிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது. குதிரை மசாலோடு கூட்டுறவு கொள்ளும் ஸைனோரைசோபியம் மெலிலோட்டி, இந்நிலையில் முதலில் பொட்டாசியத்தையும் குளுட்டமேட்டையும் அணுவுக்குள் சேர்க்கிறது. அதன்பின் கிளைசின் பீட்டெயின் போன்ற, அளவு மிகுந்தாலும் புரதங்களைக் கெடுக்காத கரைபொருள்களைக் குவித்து உள்ளே நீரைத் தக்கவைத்துக்கொள்கிறது. இதில் கவனிக்கத்தக்க ஒரு சிக்கனம் உண்டு. உப்பு இல்லாத நாளில் இப்பாக்டீரியா பீட்டெயினை உணவாகவே தின்று தீர்த்துவிடும். உப்பு ஏறினால் தின்பதை நிறுத்திக்கொண்டு, அதே பொருளைக் காப்பாகச் சேமிக்கத் தொடங்கும். குதிரை மசாலின் திசுக்களில் பீட்டெயின் வகைப் பொருள்கள் இயல்பாகவே உள்ளன என்பதால், இறந்த வேர்களிலிருந்து கசிவனவற்றை இவ்வாறு இருவகையிலும் பயன்கொள்ளும் பழக்கம் தாவரத்தின் அண்மையில் வாழ்ந்து வாழ்ந்து அமைந்ததாகக் கருத இடமுண்டு.

முற்றும் காய்ந்துபோகும் நிலைக்கு வேறொரு பொருள் கைகொடுக்கிறது. டிரெஹலோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரை, நீர் விலகிய இடங்களில் சவ்வுகளின் கொழுப்பு மூலக்கூறுகளோடு தானே பிணைந்து அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சிதைவதைத் தடுக்கிறது. சோயாவின் கூட்டாளியான பிராடிரைசோபியத்தில் டிரெஹலோஸை ஆக்குவதற்கு ஒன்றல்ல, மூன்று தனித்தனி வேதிப்பாதைகள் இருப்பதிலிருந்தே அதன் வாழ்க்கையில் வறட்சிக்கு உள்ள இடம் விளங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலங்களில் குளோவர் தீவனப்பயிர் முதல் ஆண்டு செழித்து மறு ஆண்டு மடிந்துபோனதற்குக் காரணம் தேடிய கெவின் மார்ஷல், கோடையில் காய்ந்து சூடேறிய மணலில் குளோவரின் பாக்டீரியா அழிந்துவிடுவதையும், லூப்பின் செடிக்குரிய மெதுவாக வளரும் பாக்டீரியா அதே மணலில் தப்பிப்பதையும், மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கலந்தால் முன்னதும் பிழைப்பதையும் 1964இல் எடுத்துக்காட்டினார். விரைந்து பெருகுவது வேறு, நெடிது நிலைப்பது வேறு என்ற இவ்வேறுபாடு மரங்களின் ஆழ்வேர்களிலும் காணப்படுகிறது. செனகல் நாட்டில் அகாசியா அல்பிடா மரத்தின் வேர்களைத் தொடர்ந்து சென்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள், நிலத்தடி நீர்மட்டத்துக்கு அருகே 34 மீட்டர் ஆழத்திலும் பிராடிரைசோபியத்தைக் கண்டனர். மேல்மண் வெந்து கிடக்கும் சாஹெல் பகுதியில் வேரோடு சேர்ந்து கீழிறங்குவதும் பிழைக்கும் வழியே.

பட்டினியை எதிர்கொள்ளும் முறை இன்னும் நுட்பமானது. பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்னும் கார்பன் சேமிப்பை மணிமணியாக அணுவுக்குள் வைத்திருக்கும் ஸைனோரைசோபியம், உணவற்ற நிலையில் பிளவுறும்போது அச்சேமிப்பைச் சரிபாதியாகப் பங்கிடுவதில்லை என்பதை வில்லியம் ராட்கிளிஃப், ஃபோர்டு டெனிசன் ஆகிய இருவரும் 2010 அளவில் கண்டறிந்தனர். சேமிப்பு மிகுந்த சேயணு நெடுநாள் உறங்கிக் காத்திருக்கும். சேமிப்புக் குறைந்த சேயணு உணவு விரைவில் வந்தால் உடனே பெருகும். வரப்போகும் பஞ்சம் குறுகியதா நெடியதா என்பதை முன்னறிய வழியில்லாத உயிர், தன் வழித்தோன்றல்களை இருவகைக்கும் பிரித்து வைத்துவிடுகிறது. பாஸ்பரஸ் பஞ்சத்தில் அதே பாக்டீரியா தன் சவ்விலுள்ள பாஸ்பரஸ் கொண்ட கொழுப்புகளைப் பெரிதும் விலக்கி, பாஸ்பரஸ் இல்லாத வேறு கொழுப்புகளை அவற்றுக்கு மாற்றாக வைத்து, மிஞ்சிய பாஸ்பரஸை மரபுப்பொருளின் ஆக்கத்துக்கு ஒதுக்குகிறது.

வெப்பத்தை அறியும் முறையைச் சற்று விரித்துரைப்பது தகும். ஏனெனில் இத்துறையின் ஆய்வு உயிரியல் முழுமைக்கும் அளித்த கொடைகளுள் அது ஒன்று. வெப்பம் ஏறும்போது புரதங்களின் மடிப்பு குலைகிறது. அவற்றைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடிக்க உதவும் துணைப்புரதங்களை எல்லா உயிர்களும் உண்டாக்குகின்றன. பிராடிரைசோபியம் இவ்வகையில் அளவுக்கு மீறிய ஆயத்தம் கொண்டது, ஈ.கோலை போன்ற பாக்டீரியா ஒரே படியாக வைத்திருக்கும் துணைப்புரத மரபணுவை அது பல படிகளாக வைத்திருக்கிறது. அதன் சிறு வெப்பப் புரதங்களின் மரபணுக்களை ஆராய்ந்த ஃபிரான்ஸ் நார்பெர்ஹாஸும் அவருடைய குழுவினரும் சூரிச் நகரில் கண்டது என்னவெனில், அம்மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி தன்னைத்தானே மடித்துக்கொண்டு, ரைபோசோம் வந்து ஒட்ட வேண்டிய இடத்தை மூடிவைத்திருக்கிறது என்பதே. சுமார் 30 டிகிரி செல்சியஸில் அம்மடிப்பு இறுகியிருப்பதால் புரதம் உருவாவதில்லை. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது அதன் தளர்ந்த பிணைப்புகள் அவிழ்ந்து, ரைபோசோமுக்கு வழி திறந்து, காப்புப்புரதம் உருவாகத் தொடங்குகிறது. இங்கே உணர்வதற்கென்று தனிப் புரதம் இல்லை, செய்தி கடத்தும் இடையாளும் இல்லை. செய்தியைத் தாங்கிச் செல்லும் மூலக்கூறே வெப்பமானியாகவும் இருக்கிறது. ஆர்.என்.ஏ. வெப்பமானி என வழங்கும் இவ்வமைப்பின் ஒரு பெருங்குடும்பம் இப்பாக்டீரியாவில்தான் முதலில் அறியப்பட்டு, பின்னர் வேறு பல பாக்டீரியாக்களிலும் இனங்காணப்பட்டது.

தனித்தனி நெருக்கடிக்குத் தனித்தனி விடை இருப்பதோடு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஆணையமைப்பும் இவற்றில் உண்டு. குடல்வாழ் பாக்டீரியாக்களில் பொது நெருக்கடியின்போது மரபணுக்களைத் திறக்கும் சிக்மா காரணி ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டது. சிக்மா காரணி என்பது படியெடுக்கும் நொதி எந்த மரபணுவின் வாயிலில் சென்று அமர வேண்டும் என்பதைச் சுட்டும் துணைப்புரதம். வேர்முடிச்சுப் பாக்டீரியாக்கள் அடங்கிய ஆல்ஃபா பிரிவில் அது இல்லாதது புதிராக இருந்துவந்தது. இலைமேல் வாழும் மெத்திலோபாக்டீரியம் என்னும் உறவினத்தில் ஜூலியா ஃபோர்ஹோல்ட் குழுவினர் 2006இல் ஃபை-ஆர் என்னும் புரதத்தைக் கண்டபின் அப்புதிர் அவிழ்ந்தது. அமைதிக்காலத்தில் இவற்றின் சிக்மா காரணி, நெப்-ஆர் என்னும் பகைப்புரதத்தின் பிடியில் கட்டுண்டு கிடக்கிறது. நெருக்கடி நேர்ந்ததும் ஃபை-ஆர் பாஸ்பேட் ஏற்று உருமாறி, சிக்மா காரணியைப் போன்றே வடிவுகொண்டு தன்னைக் காட்டுகிறது. பகைப்புரதம் ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ள, உண்மையான சிக்மா காரணி விடுபட்டு நூற்றுக்கணக்கான காப்பு மரபணுக்களைத் திறக்கிறது. இவ்வமைப்பை நீக்கிய பிராடிரைசோபியம் வெப்பத்துக்கும் வறட்சிக்கும் எளிதில் பலியானது மட்டுமன்றி, சோயாவிலும் பாசிப்பயறிலும் குறைபட்ட கூட்டுறவையே நடத்தியது. ஸைனோரைசோபியத்திலோ இதற்கு இணையான சிக்மா காரணியை நீக்கியும் முடிச்சு வாழ்க்கை குன்றவில்லை. ஒரே பொறி ஓரினத்தில் இரு வாழ்க்கைக்கும் தேவைப்படுகிறது, மற்றோரினத்தில் ஒன்றுக்கு மட்டுமே போதுமானதாக இருக்கிறது என்ற இம்முடிவு, ஓரினத்தில் கண்டதை எல்லாவற்றுக்கும் விதியாக்குவோருக்குத் தடையாக நிற்கிறது.

அமில மண்ணைப் பொறுத்தவரை இரு நிகழ்வுகளைச் சுட்டினால் போதும். மத்தியதரைக் கடலின் சார்டினியாத் தீவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஸைனோரைசோபியம் மெடிகே, பழைய மெலிலோட்டி இனம் மடிந்துபோன அமிலநிலங்களில் நிலைத்துத் தீவனப் பயறுகளைக் காத்தது. கொலம்பியாவில் பீன்ஸ் செடியிலிருந்து எடுக்கப்பட்டுச் சியாட் 899 எனப் பெயரிடப்பட்ட ரைசோபியம் டிராபிசி இனம், அமிலத்தையும் அலுமினிய நச்சையும் உயர் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கும் அரிய இனமாதலால் பிரேசில் நாட்டில் பீன்ஸ் பயிருக்கான உயிர் உரமாகவே விற்பனைக்கு வந்தது. இவ்வினத்தில் கண்ட ஒரு பண்பு வியப்புக்குரியது. வேர்முடிச்சுப் பாக்டீரியா தாவரத்தை அழைக்கும் வேதிக்குறிப்புகளை நாட் காரணிகள் என்பர். வேரிலிருந்து கசியும் ஃப்ளேவனாய்டுகளைக் கண்டபின்பே அவற்றை உருவாக்குவது பொதுவிதி. சியாட் 899 உப்பு மிகுந்த கரைசலில் ஃப்ளேவனாய்டு ஏதுமின்றியே நாட் காரணிகளை உருவாக்குகிறது என்று 2013இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அமிலச்சூழலில் அக்காரணிகளின் வகைகளும் பெருகுகின்றன. நெருக்கடியே தாவரத்தை அழைக்கும் தூண்டுதலாக அமைகிறது என்று இதற்குப் பொருள் கொள்வது கவர்ச்சியானதுதான். எனினும் அது இன்னும் கருதுகோள் அளவிலேயே வைக்கத்தக்கது.

இத்தனை திறமும் இருந்தும் வறண்ட வயலில் நைட்ரஜன் வரத்து ஏன் முதலில் நின்றுபோகிறது என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் பாக்டீரியாவிடம் இல்லை. பல பயறுகள் தளர்ந்துபோகும் உப்பளவில் அவற்றின் பாக்டீரியாக்கள் தாராளமாக வளர்கின்றன. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே வாங்கும் அந்த முதற்கட்டமே உப்புக்கும் அமிலத்துக்கும் மிக எளிதில் இடறுகிறது. முடிச்சு உருவானபின் வறட்சி வந்தால், அங்கு வந்துசேரும் சுக்ரோஸ் சர்க்கரையை உடைக்கும் தாவர நொதி விரைவில் செயல்குன்றுகிறது. அதனால் பாக்டீரியாவுக்கு எரிபொருளாகும் மாலிக் அமிலம் குறைகிறது. புறத்திசு மேலும் இறுகி ஆக்சிஜனும் குறைகிறது. சோயா, தட்டைப்பயறு போன்ற வெப்பநாட்டுப் பயறுகள் நைட்ரஜனை யூரைடு என்னும் சேர்மங்களாக இலைக்கு அனுப்புகின்றன. வறட்சியில் அவை இலையில் செலவாகாமல் தேங்கி, இனி நைட்ரஜன் வேண்டா என்ற செய்தியாக முடிச்சுக்கே திரும்புவதாகத் தாமஸ் சின்க்ளேர், ராஷித் செர்ராஜ் ஆகியோர் 1995இல் எடுத்துரைத்தனர். யூரைடு அனுப்பாத கொண்டைக்கடலை போன்றவற்றில் நைட்ரஜன் நிலைநிறுத்தம் வறட்சியில் அவ்வளவு விரைந்து விழுவதில்லை. ஆகவே குறையை எப்போதும் பாக்டீரியாவின் மேல் ஏற்றுவது முறையன்று.

இதற்கு மாறாக, பாக்டீரியாவின் மாற்றமே செடியைக் காத்த ஒரு சோதனையும் உண்டு. மெக்சிகோவில் பீன்ஸின் கூட்டாளியான ரைசோபியம் எட்லியில் டிரெஹலோஸ் ஆக்கும் மரபணுவை மிகையாகச் செயல்படுத்தி, அதைக் கொண்டு வளர்த்த செடிகள் கூடுதல் முடிச்சுகளும் கூடுதல் நைட்ரஜனேஸ் செயல்பாடும் பெற்றதோடு, நீரின்றி வாடியபின் நீர் கிடைத்ததும் மீண்டெழுந்தன; இயல்பான பாக்டீரியா பெற்ற செடிகள் மீளவில்லை. 2008இல் வெளிவந்த இம்முடிவு, முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவின் சர்க்கரை செடி முழுவதன் வறட்சி எதிர்வினையையே மாற்றக்கூடும் என்பதைக் காட்டியது. வெள்ளத்துக்கும் இதுபோன்ற ஒரு கூட்டு விடை அமைந்துள்ளது. தமிழக உழவர் மணிலா அகத்தி என்று பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் செஸ்பேனியா ராஸ்ட்ரேட்டா, மேற்கு ஆப்பிரிக்கச் செடி. அதன் தண்டிலேயே முடிச்சிடும் அசோரைசோபியத்தை 1980களின் தொடக்கத்தில் பெர்னார் ட்ரேஃபஸும் ஈவ் டோமெர்க்கும் விவரித்தனர். நீர் தேங்கிய வேரில் தூவிகள் முளைப்பதில்லை. பிற பயறுகளில் முடிச்சைத் தடுக்கும் எத்திலீன் வாயுவும் அங்கே திரள்கிறது. அச்சூழலில் இப்பாக்டீரியா பக்கவேர் கிளைக்கும் இடத்து விரிசல் வழியே நுழைகிறது. அந்நுழைவுக்கு எத்திலீன் தடையாவதை விட்டுத் துணையாகவே நிற்கிறது.

காவிரிப்படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள்முன் ஈரவயலில் உளுந்தும் பாசிப்பயறும் தெளிக்கப்படும் நெல் தரிசுப் பயறுச் சாகுபடி, இவ்விரு வாழ்க்கைச் சிக்கலை முழுமையாக வெளிக்காட்டும் களமாகும். பாக்டீரியா மாதக்கணக்கில் நீர் நின்ற, காற்றற்ற மண்ணில் கிடந்து, பின் எஞ்சிய ஈரத்தை மட்டுமே நம்பி வளரும் பயிருக்குள் புகுந்து, நாளுக்கு நாள் காய்ந்துவரும் வயலில் வேலை செய்ய வேண்டும். அரிசிக் கஞ்சியில் உயிர் உரத்தைக் கலந்து விதைமேல் பூசி நிழலில் உலர்த்தச் சொல்வது, கரித்தூளோடு பொட்டலத்தில் அடைபட்ட உயிரணு விதையில் ஒட்டிய நிமிடம் முதல் வெயிலில் சாகத் தொடங்குகிறது என்பதால்தான். வெயிலில் வைத்துவிட்ட பொட்டலத்தில் என்ன மரபணு இருந்தும் பயனில்லை. அது பிழைத்தாலும் வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் உள்ளூர் இனங்கள் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கும். அவை அம்மண்ணுக்குத் தேர்ந்தவை, ஆனால் நைட்ரஜன் தருவதில் சில மட்டமானவை.

உள்ளூர் இனமும் வந்த இனமும் ஒன்றோடொன்று கலக்கும் விதத்தை ஜான் சல்லிவன், கிளைவ் ரான்சன் ஆகியோர் நியூசிலாந்தில் கண்டறிந்தனர். லோட்டஸ் செடிக்குரிய பாக்டீரியா இல்லாத நிலத்தில் ஒரே ஓர் இனம் இடப்பட்டு ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது, முடிச்சுகளில் வேறு பல இனங்கள் குடியேறியிருந்தன. கூட்டுறவுக்குரிய மரபணுக்கள் அனைத்தும் அடங்கிய சுமார் 500 கிலோபேஸ் நீளமுள்ள ஒரு மரபுத்துண்டு, இடப்பட்ட இனத்திலிருந்து உள்ளூர் மண்பாக்டீரியாக்களுக்குத் தாவியிருந்தது. மண்ணில் வாழும் கலையை முன்னமே அறிந்த உயிர், முடிச்சில் வாழும் உரிமையை ஒரே தாவலில் பெற்றுவிட்டது எனலாம். சூழலுக்கு ஏற்ப மாறுவதற்கு இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் அதன் விளைவு உழவருக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்னும் தீவனப் பயறுக்கு இடப்பட்ட மீசோரைசோபியத்திலிருந்து அதேபோல் மரபுத்துண்டு பெற்ற உள்ளூர் இனங்கள் ஆறே ஆண்டுகளில் தோன்றியிருந்தன. அவற்றுள் சில முடிச்சிட்டும் நைட்ரஜனைச் சிறிதளவே தந்தன, சில அறவே தரவில்லை, எனினும் முடிச்சிடும் போட்டியில் மூல இனத்துக்கு அவை பின்வாங்கவில்லை. நைட்ரஜன் தராத முடிச்சுக்கு ஆக்சிஜனைக் குறைத்து அதன் பாக்டீரியாவைத் தண்டிக்கும் ஆற்றல் சோயாவுக்கு உண்டு என்று டோபி கியர்ஸும் உடன் ஆய்வாளரும் 2003இல் காட்டியுள்ளனர்; அத்தண்டனையைக் கடுமையாகச் செலுத்தும் பயறு வகைகளைத் தேர்ந்தெடுப்பதும், உயிர் உரத்துக்கான இனத்தை அதன் மரபுத்துண்டு எளிதில் இடம்பெயராததாகத் தேர்வதும், ஒரு பருவத் தொட்டிச் சோதனையோடு நில்லாமல் அதே வயலின் முடிச்சுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்துச் சோதிப்பதும் இப்போது ஆய்வுநிலையங்களின் முன்னுள்ள பணிகள்.